சட்டியில் மிஞ்சிய பச்சை வளையல் துண்டு

அக்கா,

இன்று பிற்பகல் பள்ளி விட்டு, பிள்ளைகள் எல்லோரும் ஓடிய பிறகு ஒரு வாண்டு மட்டும் திரும்பி வந்தது. போன வாரம்தான் சேர்ந்தவள்; நாலரை வயது இருக்கும். வாசலில் வைத்திருக்கும் மண்சட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். "வாத்தியாரம்மா, எல்லாரும் அவங்கவங்களது எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இது மட்டும் தெனமும் கெடக்குது. இது யாருது?" என்று கேட்டாள். அவள் விரல்களுக்கு இடையில் உங்கள் பச்சை வளையல் துண்டு.

"அங்கேயே வையம்மா. நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். அவள் வைத்தாள். வைத்தது வைத்தபடி இருக்கிறதா என்று இன்னொரு முறை குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் அதன் பிறகு கை ஓடவில்லை. கரும்பலகையைத் துடைக்கப் போனவள், துணியைக் கையில் வைத்துக்கொண்டே வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய்விட்டீர்கள் என்ற செய்தி வந்து நாற்பது நாள் ஆகிறது. அழுதது போதும் என்று நினைத்திருந்தேன், போதவில்லை.

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் இருந்தபோதே என் கடிதங்களைக் கங்காணி வீட்டில் கொடுத்துத்தான் படிக்கச் சொல்லிக் கேட்பீர்கள். அந்தக் கங்காணிக்குப் பயந்து நான் பாதியைத்தான் எழுதுவேன். இனி அந்தத் தொல்லை இல்லை. மனதில் இருப்பதைக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன்.

என்னை முதன்முதலில் பார்த்த நாள் உங்களுக்கு நினைவிருந்திருக்கும். புக்கிட் பெலிம்பிங் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்துக்கு நான், கணக்கெழுதும் கிராணியாரின் புது மனைவியாக, யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்து இறங்கியபோது எனக்கு வயது பத்தொன்பது. மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புத் தேறியவள் என்ற தலைக்கனம் என் கொண்டையைவிடப் பெரிதாக இருந்தது. மகள் செல்லம் பிறந்து தவழ்ந்து நடக்கத் தொடங்கிய காலத்தில், தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை என் கணவரிடம் சொன்னார். கணவர் என்னிடம், "நீர்தானே படிச்சனீர். ஆறேழு பிள்ளையளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்க உமக்கு என்ன கஷ்டம்?" என்றார். அப்படித்தான் நான் வாத்தியாரம்மா ஆனேன். பள்ளிக்கூடத்துக்கென்று புதிதாக எதையும் கட்டவில்லை. உங்கள் ஆயாக் கொட்டகையில் பாதியை மூங்கில் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்தார்கள். பால் வெட்டப் போகும் தாய்மார்கள் விட்டுப் போகும் குழந்தைகள் தட்டிக்கு அந்தப் பக்கம், உங்களோடு. ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பக்கம், என்னோடு.

நீங்கள் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆனாலும் நான் உங்களை "நீ", "வா", "போ" என்றுதான் சொன்னேன். எங்கள் வீட்டுப் பேச்சு அப்படி. கூலிகள் குடியிருக்கும் லயத்து ஆட்களை யாரும் வேறு விதமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நீங்கள் என்னைக் "கிராணியம்மா" என்றீர்கள். பால் வாளிகளைக் காவடியாகத் தூக்கிக்கொண்டு பெரிய வாய்க்காலின் பலகைப் பாலத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததால்தான் உங்களை ஆயாவாக வைத்தார்கள் என்று என் கணவர் சொல்லியிருந்தார். வேலைக்கு ஆகாதவளுக்குக் கொடுத்த வேலை என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

என் பக்கத்தில் காலை முழுதும் ஓதல். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கி நூறு வரை. ஓதி முடித்ததும் மறுபடியும் ஒன்றிலிருந்து. தொண்டை கிழியக் கத்தினால் கணக்கு உள்ளே போகும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். உங்கள் பக்கத்தில் அடிக்கடி சிரிப்புக் கேட்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். நீங்கள் ஒரு சிரட்டை நிறைய ரப்பர் கொட்டைகளை வைத்துக்கொண்டு, இரண்டு வாண்டுகளை எதிரெதிரே உட்கார வைத்திருந்தீர்கள். "ரெண்டு பேருக்கும் சண்ட வராமப் பங்கு போடு பாப்போம்." ஒருத்தி இவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போனாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதை எடுத்து உங்கள் மடியில் போட்டாள். "ஆயாவுக்கு!" என்று கொட்டகையே கூத்தாடியது.

இன்னொரு நாள் தென்னை ஈர்க்குகளை ஒடித்துக் கொடுத்து நெட்டையிலிருந்து குட்டை வரை வரிசை கட்டச் சொன்னீர்கள். பால் மங்குகளில் எது பெரியது எது சிறியது என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னீர்கள். வாய் அகன்ற மங்குதான் பெரியது என்று அடித்துப் பேசிய ஒருவன், அந்தத் தண்ணீர் ஒடுங்கிய மங்கில் பாதிக்குக்கூட வராததைப் பார்த்து வாயைப் பிளந்தான். அவனுக்குப் பின்னால், தட்டிக்கு இந்தப் பக்கம், நானும்தான் பிளந்தேன். இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

அந்த வாரத்தில்தான் அஞ்சலை என் மானத்தை வாங்கினாள். என் பள்ளியிலேயே மூத்தவள் அவள். நூறு வரை மூச்சுவிடாமல் சொல்லுவாள். உங்கள் முன்னால் பெருமை காட்ட வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். நீங்கள் கைதட்டினீர்கள். பிறகு சிரட்டையை அவள் பக்கம் நகர்த்தி, "எனக்கு ஏழு கொட்ட எடுத்துக் குடு கண்ணு" என்றீர்கள். அஞ்சலை ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். அது பதினொன்றோ பன்னிரண்டோ இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்ற நாலு வயதுக் குப்பாயி, கேட்காமலேயே, ஏழு கொட்டையைப் பொறுக்கி உங்கள் உள்ளங்கையில் வைத்தாள். "வாய்க்குத் தெரியுது, கைக்கு இன்னும் தெரியல. அவ்வளவுதாங்கம்மா" என்று நீங்கள் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். எனக்கு அது சூடு வைத்தது போல இருந்தது.

அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருட்டு விலகுவதற்குள் தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையும் வாசலில் இருக்கும் சட்டியில் தன் அடையாளத்தைப் போட வேண்டும். ஒருவனுக்குப் புளியங்கொட்டை; ஒருத்திக்குச் சோடாப் புட்டிக் கோலி; ஒருத்திக்கு உடைந்த பீங்கான் துண்டு; குப்பாயிக்கு ஒரு நத்தை ஓடு. நடுப்பகலில் கஞ்சிக்கு உட்காரும்போது அவரவர் அடையாளத்தை எடுத்துத் தன் சிரட்டைக்கு முன்னால் வைக்க வேண்டும். சாப்பிட்டதும் மறுபடி சட்டிக்கு. வேலை முடிந்து தாய் வந்து கூப்பிடும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும். உங்களுக்கும் ஒன்று இருந்தது: உங்கள் கல்யாண வளையலில் உடைந்த பச்சைத் துண்டு. "மொதல்ல போடுறதும் நானு, கடைசில எடுக்குறதும் நானு" என்பீர்கள். நான் அதைக் குப்பைச் சட்டி என்றேன்.

பிறகு மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே எத்தனை குழந்தைகள் என்று என் கணவர் மூலம் உங்களைக் கேட்டார். "எல்லாரும் இருக்காங்க தொரை" என்றீர்கள். எண்ணிக்கை என்ன என்று மறுபடி கேட்டார். "வந்தவங்க எல்லாரும் இருக்காங்க" என்றீர்கள். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டார். அவர் போனதும் எங்கள் துரை கோபத்தில் சிவந்து, எண்ணத் தெரியாதவளிடம் பிள்ளைகளை விட முடியாது, இவளைக் களை வெட்ட அனுப்பு என்றார். உங்கள் காலோடு வெயிலில் களை வெட்டுவது என்றால் ஆறு மாதம்கூடத் தாங்கியிருக்காது. அது எல்லோருக்கும் தெரியும். என் கணவர்தான், பாவம், ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கினார். அந்த மாதம் முழுதும் நான் காலையிலும் நடுப்பகலிலும் பிள்ளைகளை எண்ணி ஒரு கொப்பியில் எழுத வேண்டும். மாத முடிவில், இந்த ஆயா வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டும்.

அன்று மாலை உங்களிடம் நான் பாய்ந்தேன். "பதினெட்டு எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு என்ன கேடு? எண்ணத் தெரியாதோ?"

"தெரியுங்கம்மா. கொட்டைய எண்ணுவேன், செரட்டைய எண்ணுவேன். புள்ளைங்கள எண்ணப்படாதுங்க. கண்ணு பட்டுரும்."

"ஐயா ஒவ்வொரு நாளும் விடியப் பெரட்டுக்களத்தில வேலைக்கு வாற பெரிய ஆக்களை எண்ணுறார்தானே? அவைக்குக் கண் படாதோ?"

நீங்கள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னீர்கள்: "அதான் பாக்குறோமே கிராணியம்மா, எண்ண எண்ண ஆளு கொறஞ்சுக்கிட்டே போறத."

அந்த ஆண்டு காய்ச்சல் கடுமையாக இருந்தது. குப்பாயிக்கு ஏன் அந்தப் பெயர் என்பதையும் அன்றுதான் சொன்னீர்கள். அவளுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் தங்கவில்லையாம். இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு, வேண்டாத பொருள் போல எடுத்து வந்து பெயர் வைத்தார்களாம். "அந்தப் புள்ளையப் போயி ஒண்ணு, ரெண்டுன்னு நான் எப்படிங்க வெரலு நீட்டி எண்ணுவேன்? அவ ஆத்தா என் கையத்தானே நம்பி விட்டுட்டுப் போறா." மூட நம்பிக்கை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கொப்பியில் முதல் பக்கத்தைக் கோடு போட்டுத் தயார் செய்தேன்.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, முதல் வாரத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன், நீங்கள் வேண்டாம் என்று. உங்கள் மேல் வெறுப்பில்லை. அஞ்சலை என் முகத்தில் பூசிய கரி இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள். முதல் நாள் சாயங்காலம் தொடங்கிய மழை விடியும்வரை பெய்து, பெரிய வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் செல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காய்ச்சல். அதனால் செல்லத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். காலையில் பிள்ளைகள் உள்ளே வரும்போது எண்ணினேன்: பதினெட்டு. குப்பாயி சட்டியில் நத்தை ஓட்டைப் போடும்போது சேற்று நாற்றம் வீசியது. "சீ, என்ன மணம் இது! வேற வடிவானது ஒண்டு கொண்டு வா" என்றேன். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் அதற்குள் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

நடுப்பகலில் கஞ்சி ஊற்ற நீங்கள் பின்பக்கத்து அடுப்படியிலிருந்து பானையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கொப்பியோடு அவர்களுக்குப் பின்னால் நடந்து, தலை தலையாக எண்ணினேன். பதினெட்டு. திரும்பி வரும்போது இன்னொரு தடவை எண்ணினேன். பதினெட்டு. எழுதி, கீழே கோடும் போட்டேன்.

நீங்கள் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டிக்குள் பார்த்தீர்கள். உங்கள் வளையல் துண்டுக்குப் பக்கத்தில் நத்தை ஓடு கிடந்தது.

"கிராணியம்மா, ஒரு புள்ள இல்லங்க."

"எல்லாம் இருக்குதுகள். ரெண்டு தரம் எண்ணிப்போட்டன். பதினெட்டு."

"ஓடு கெடக்குதுங்களே."

"எடுக்க மறந்திருப்பாள். சின்னப் பிள்ளைதானே. நீ கஞ்சியை வார்."

நீங்கள் ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையை ஒரே ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னது இந்த ஜென்மத்தில் என் காதை விட்டுப் போகாது. சத்தம் போடவில்லை நீங்கள், கோபமும் இல்லை.

"எண்ணிக்கை சரிங்கம்மா. புள்ள இல்ல."

அவ்வளவுதான். அகப்பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினீர்கள். முறிந்த காலை இழுத்து இழுத்து, கொட்டகைப் பின்பக்கமாக, நேராகப் பெரிய வாய்க்காலுக்கு. எங்கே போவது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். "நத்த ஓடு வேற எங்கங்க கெடைக்கும்?" என்றீர்கள். நான் அஞ்சலையை வாசலில் உட்கார வைத்து யாரையும் வெளியே விடாதே என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உங்கள் பின்னால் ஓடினேன். கொப்பி கையிலேயே இருந்தது. அதைக் கீழே போடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

குப்பாயி பலகைப் பாலத்துக்கு அடியில் இருந்தாள். நெஞ்சு வரை தண்ணீர். ஒரு கையால் பாலத்துத் தூணைக் கட்டிப் பிடித்திருந்தாள். அழவில்லை, அழக்கூடப் பயந்துபோயிருந்தாள். நீங்கள் விழுந்து கால் முறிந்த அதே பாலம். நீங்கள் ஒரு கணம்கூட நிற்கவில்லை. கரையில் உட்கார்ந்து அப்படியே சேற்றோடு வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கினீர்கள். "ஆயா வந்துட்டேன்டி, ஆயா வந்துட்டேன், தூண விடாத" என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். உங்கள் கால் இரண்டு முறை மடங்கியது. இரண்டாவது முறை உங்கள் தலை தண்ணீருக்குள் போனது. நான் கரையில் நின்று என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் நிமிர்ந்தபோது பிள்ளை உங்கள் தோளில் இருந்தாள். கரையோரம் வந்து அவளை என்னிடம் நீட்டினீர்கள். அப்போதுதான் கொப்பியைப் போட்டேன்.

அவள் மூடியிருந்த மற்றக் கையை விரித்துப் பார்த்தோம். வெள்ளை வெளேரென்று ஒரு புது நத்தை ஓடு. என்னிடம் நீட்டி, "இது நாறலம்மா" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கிராணியார் மனைவி சேற்றில் உட்கார்ந்து அழுவதைப் பார்க்கப் பால் வெட்டிவிட்டு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். நீங்கள் உங்கள் ஈர முந்தானையால் முதலில் பிள்ளையின் முகத்தையும் பிறகு என் முகத்தையும் துடைத்தீர்கள்.

கொட்டகைக்குத் திரும்பி வந்த பிறகும் எனக்குப் புரியவில்லை. இரண்டு தரம் எண்ணினேனே, பதினெட்டு எப்படி வந்தது? குப்பாயியைப் பாயில் கிடத்திவிட்டு, இந்த முறை முன்பக்கமாக, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். வரிசையின் கடைசியில், சிரட்டை இல்லாமல், எங்கள் வீட்டுப் பீங்கான் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் செல்லம். பெற்ற மகளை நானே லயத்துப் பிள்ளையாக எண்ணிக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். பின்னால் இருந்து பார்த்தால் தலை தலைதானே. அவளுக்குச் சட்டியில் அடையாளம் இல்லை. அதனால்தான் உங்கள் கணக்கில் அவள் வரவில்லை. என் கணக்கில் அவள் வந்து, ஒரு பிள்ளை போன இடத்தை மூடிவிட்டாள். "வாய்க்குத் தெரியுது, கைக்குத் தெரியல" என்று நீங்கள் அஞ்சலையைப் பற்றிச் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது உறைத்தது.

நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத வெளிய சொல்லாதீங்கம்மா. ஐயாவுக்குச் சங்கடமாப் போயிரும். புள்ளதான் கெடைச்சிருச்சே" என்றீர்கள். உங்கள் வேலை என் வாயில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எங்கள் மானத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்! வீட்டில் கணவரும் அதையேதான் சொன்னார். "நீர் பிழையா எண்ணினீர் எண்டு துரைக்குச் சொல்லுறதோ? என்ர மரியாதை என்னாகிறது?"

"இஞ்சாருங்கோ, நான் பிழையா எண்ணேல்லை. சரியாத்தான் எண்ணினன். அதுதான் பிழை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை துரை கொட்டகைக்கு வந்தபோது, மிஷன் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி நானே அவரிடம் சொன்னேன். என் கொப்பியில் பதினெட்டு என்று எழுதியிருந்த நேரத்தில் ஒரு பிள்ளை தண்ணீரில் நின்றாள். எண்ணே இல்லாத இந்தச் சட்டிதான் அவளைத் தேடியது. இந்த ஆயாவை மாற்றினால் நானும் நாளை முதல் வர மாட்டேன். என் கணவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துரை சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே வரக் காலை எடுத்து வைத்தார். உடனே பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், "தொரே, அடையாளம்! அடையாளம் போடணும்!" நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். என் கணவர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்துச் சொன்னார். துரை சட்டைப்பையைத் தடவி, தீப்பெட்டியை எடுத்துச் சட்டியில் போட்டார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். குப்பாயியின் தலையில் கை வைத்தார். போய்க் குதிரையில் ஏறினார். தீப்பெட்டியை மறந்துவிட்டார். குப்பாயிதான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். "தொரே! தொரே! நீங்க போகல! இன்னும் உள்ளதான் இருக்கீங்க!" கணவர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் துரை சிரித்தார்; அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. கொப்பியும் இருக்கட்டும், சட்டியும் இருக்கட்டும், ஆயாவும் இருக்கட்டும் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றுதான் உங்களை முதல் முறையாக "அக்கா" என்று கூப்பிட்டேன். "அக்கா, நீங்கள் கொஞ்சம் இருங்கோ, கஞ்சியை நான் வார்க்கிறன்" என்றேன். நீங்கள் அகப்பையைத் தராமல், "ஐயய்யே, கிராணியம்மா, இப்படியெல்லாம் கூப்புட்டா கங்காணி மயக்கம் போட்டு விழுந்துருவாருங்க" என்று சிரித்தீர்கள். ஆனால் மறுநாள் காலை செல்லத்தை நான் கூட்டி வந்தபோது, ஒரு நீல மணியை அவள் கையில் கொடுத்து, "பாப்பாவுக்கும் ஒண்ணு இருக்கட்டும். இனி யாரு எடத்தையும் அடைக்காது" என்றீர்கள். அதன் பிறகு காய்ச்சல்காரப் பெண் குணமான பிறகும் செல்லத்தை நான் வீட்டில் விடவில்லை. லயத்துப் பிள்ளைகளோடு கிராணி மகளா என்று எங்கள் ஆட்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்துக்கொண்டு போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

மூங்கில் தட்டியையும் எடுத்துவிட்டோம். மூன்று ஆண்டுகள் நீங்களும் நானும் ஒரே கொட்டகையில் பாடம் நடத்தினோம். ஓதல் நின்றது என்று சொல்ல மாட்டேன். ஓதும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கொட்டை நகர வேண்டும் என்று சட்டம் போட்டோம். அஞ்சலை கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் ஏழு என்றால் ஏழுதான் எடுத்தாள். நாம் இரண்டு பேரும் ஒரே ஒரு முறை சண்டை போட்டோம். பலாச்சுளையைப் பங்கு போட்டபோது மிஞ்சியதை எனக்குத் தராமல் அடுப்பங்கரைப் பூனைக்குக் கொடுத்தீர்கள் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கணவருக்கு ஆற்றுக்கு அக்கரையில் வேறு தோட்டத்துக்கு மாற்றலானபோது நீங்கள் கோலா சிலாங்கூர் படகுத்துறை வரை மாட்டுவண்டியில் எங்களோடு வந்தீர்கள். படகு வருவதற்குள் வெற்றிலைப் பையிலிருந்து பச்சை வளையல் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினீர்கள். "அங்க போயி நீங்களும் ஒரு சட்டி வைப்பீங்க. இத அதுல போட்டு வைங்க. தைப்பூசத்துக்கு வந்து எடுத்துக்குறேன்."

தைப்பூசம் வந்தது. உங்களுக்குக் கால்வீக்கம் என்று செய்தி வந்தது. அடுத்ததற்கு உங்கள் ஆயாக் கொட்டகையில் அம்மை. அதற்கு அடுத்ததற்கு எனக்குப் பிள்ளைப்பேறு. ஆறு ஒன்றும் கடல் அல்ல, நான் வந்திருக்கலாம். வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். நாற்பது நாளைக்கு முன் உங்கள் தோட்டத்து வண்டிக்காரர் வந்து, காய்ச்சல், மூன்றே நாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கொட்டகையில் இப்போது யார் என்று கேட்டேன். "குப்பாயிதாங்க பாத்துக்கிருது, புது ஆளு வர்ற வரைக்கும். பத்து வயசுதான், ஆனா சட்டியெல்லாம் அதே மாதிரி வச்சிருக்குதுங்க" என்றார். அந்தப் பிள்ளையை இங்கே அனுப்பச் சொல்லித் துரைக்கு எழுதியிருக்கிறேன். அவள் படிக்க வேண்டும்.

உங்களிடம் வாங்கியதைத்தான் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறேன் அக்கா. பிள்ளைகளுக்கு முன்னால் விரல் நீட்டி எண்ணுவதில்லை. கண் படும் என்பதை நான் இன்னும் நம்பவில்லை, ஆனாலும் நீட்டுவதில்லை. முகத்தைப் பார்க்காமல் எதையும் கூட்டுவதில்லை. எண்ணைச் சொல்லிக் கொடுக்கும் முன் பொருளைக் கையில் கொடுக்கிறேன். ஒரு கொட்டை மிஞ்சினால் அது யாருக்கு என்று பிள்ளைகளையே கேட்கிறேன். அவர்கள் எல்லோரும், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே, "வாத்தியாரம்மாவுக்கு!" என்கிறார்கள்.

நாளைக்கு அந்த வாண்டு வந்து கேட்பாள். என்ன சொல்வது என்று இப்போது தெரிந்துவிட்டது. பதிவேட்டில் இருபத்திரண்டு பிள்ளைகள். செல்லத்தின் நீல மணியும் அதில் சேர்த்தி. சட்டியில் இருபத்து மூன்று அடையாளங்கள். மேற்பார்வைக்கு யாராவது வந்து ஒன்று கூடுகிறதே என்று கேட்டால், அந்தத் துண்டை எடுத்து வெளியே வைக்க மாட்டேன். இருபத்து மூன்றாவது ஆள் எங்களோடுதான் இருக்கிறார், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்லப் போகிறேன்.

எண்ணிக்கை பிழைதான் அக்கா. நீங்கள் இருக்கிறீர்கள்.